சிறப்புப் படை யாருக்குக் கட்டுப்பட்டது? கூட்டுக் கட்டளையகத்தைப் படம் போட்டுப் புரிந்துகொள்ளும் முழுமையான வழிகாட்டி

நேவி சீல், டெல்டா ஃபோர்ஸ், ரேஞ்சர் என்ற அமெரிக்கச் சிறப்புப் படைகளின் பெயர்களைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் இவர்களில் யார் தரைப்படை, யார் கடற்படை, இவர்கள் எல்லோருக்கும் மேலே இருப்பவர் யார் என்று கேட்டால் பதில் குழம்பிவிடும். கட்டுரை படிப்பதைவிடப் படம் போட்டுப் பார்த்தால் இது சீக்கிரம் பிடிபடும். ஒரு வெள்ளைத் தாளும் மூன்று நிறப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கோடு: இந்த வீரர் எந்தப் படையைச் சேர்ந்தவர், சம்பளமும் பதவி உயர்வும் எங்கிருந்து வருகின்றன. நீலக் கோடு: இவருக்கான தனிக் கருவிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள். சிவப்புக் கோடு: களத்தில் இவருக்கு உத்தரவு போடுவது யார். எந்த நாட்டின் சிறப்புப் படையானாலும் இந்த மூன்று கோடுகளும் எங்கே போகின்றன என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி புரிந்துவிடும். மூன்றும் ஒரே இடத்துக்குப் போகாது. அதுதான் இந்த அமைப்பின் இயல்பு.

உதாரணத்துக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். கூட்டுக் கட்டளையகத்தை, அதாவது எல்லாப் படைகளின் சிறப்பு வீரர்களையும் ஒரே குடைக்குக் கீழ் கொண்டுவரும் தலைமையகத்தை, சட்டமாகவே எழுதி வைத்த நாடு அது. அங்கே எல்லாம் கொஞ்சம் வெளிப்படையாகவும் தெரியும்.

படி 1: தோல்வியிலிருந்து தொடங்குங்கள்

இப்படி ஒரு கட்டளையகம் ஏன் வந்தது என்று தெரியாமல் அதன் படத்தைப் போட்டால் அது வெறும் பெட்டிகளாகத்தான் நிற்கும். அமெரிக்காவில் அந்தக் கதை 1980 ஏப்ரல் 24 இரவில் தொடங்குகிறது.

ஈரான் தலைநகர் தெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகியிருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிணைக்கைதிகள். அவர்களை மீட்கப் போன குழுவைப் பாருங்கள். உள்ளே புகுந்து மீட்க வேண்டியவர்கள் தரைப்படையின் டெல்டா ஃபோர்ஸ். அவர்களை ஏற்றி வந்த சி-130 விமானங்கள் விமானப்படையுடையவை. ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, அதுவும் கடல் கண்ணிவெடி அகற்றுவதற்காக வாங்கியவை. அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் என்ற கடல்வழித் தாக்குதல் படையின் விமானிகள். கல்யாணத்துக்குச் சமையல்காரர் ஒரு ஊர், பாத்திரம் இன்னொரு வீட்டுது, மளிகை வேறு யாரோ வாங்கியது என்றால் பந்தி எப்படி இருக்கும்? அப்படி ஒரு கூட்டணி.

நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. வேலை நடக்க வேண்டுமென்றால் குறைந்தது ஆறு வேண்டும். ஒன்றில் சுழலியின் இறக்கையில் விரிசல் என்று எச்சரிக்கை விளக்கு எரிந்ததால், அதைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டு ஆட்களை இன்னொரு ஹெலிகாப்டர் ஏற்றிக்கொண்டது. இரண்டாவது, புழுதி மூட்டத்துக்குள் சிக்கிக் கருவிகள் பழுதாகிக் கப்பலுக்கே திரும்பியது. சந்திக்க வேண்டிய இடத்துக்கு ஆறு வந்து சேர்ந்தன. அங்கே நின்றபோது ஒன்றின் ஹைட்ராலிக் அமைப்பு செயலிழந்திருப்பது தெரிந்தது. ஆக ஐந்து. டெல்டாவின் தலைவர் கர்னல் சார்லி பெக்வித் ஐந்தை வைத்துக்கொண்டு போக முடியாது என்றார். ஜனாதிபதி கார்ட்டரும் திரும்பி வரச் சொல்லிவிட்டார். கிளம்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர், எரிபொருளோடு நின்ற விமானத்தின் மீது மோதியது. விமானப்படையினர் ஐந்து பேர், மரைன்கள் மூன்று பேர் என எட்டு உயிர்கள் போயின. எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அந்தப் புழுதி விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அப்படியொரு புழுதி வரக்கூடும் என்பது வானிலை அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று ஆளாளுக்குப் பிரித்து வைத்திருந்ததால், ஹெலிகாப்டர் விமானிகள் அவர்களோடு நேரில் பேசவே இல்லை. தகவல் ஒரு மேசையில் இருந்தது; அது தேவைப்பட்டவர்கள் வேறொரு மேசையில் இருந்தார்கள். அட்மிரல் ஜேம்ஸ் ஹாலோவே தலைமையிலான குழு பிறகு இதையெல்லாம் எழுதி வைத்தது: எல்லோரும் சேர்ந்து முழு ஒத்திகை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, ஏற்கெனவே இருந்த அமைப்பைப் பயன்படுத்தாமல் அவசரத்துக்கு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள், குறைந்தது 10 ஹெலிகாப்டராவது எடுத்துப் போயிருக்கலாம்.

உங்கள் தாளின் ஓரத்தில் '8, 6, 5' என்று எழுதி வையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

தோல்விக்குப் பிறகு எல்லா ஊரிலும் நடப்பது ஒன்றுதான். ஒரு புதிய அலுவலகம் திறப்பார்கள். 1980 டிசம்பரிலேயே ஃபோர்ட் பிராக் முகாமில் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் ஒன்று வந்துவிட்டது. சுருக்கமாக ஜேசாக் என்பார்கள். ஆனால் அதற்கு வெளியே இருந்த சிறப்புப் படைகள் அந்தந்தப் படைத் தலைமையின் கீழேயே கிடந்தன. பட்ஜெட் சுருங்கினால் முதலில் அவர்கள் தலையில்தான் கை வைப்பார்கள். 1983இல் கரீபியன் தீவான கிரெனடா மீதான படையெடுப்பிலும் ஒருங்கிணைப்பு சொதப்பியது. கடற்படையின் சிறப்பு வீரர்களான சீல்களில் நான்கு பேர் கடலில் மூழ்கி இறந்தார்கள்.

அப்போது நாடாளுமன்றம் உள்ளே வந்தது. ஜனநாயகக் கட்சியின் சாம் நன், குடியரசுக் கட்சியின் வில்லியம் கோஹென் இருவரும் சேர்ந்து 1986இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். முப்படைத் தலைமைகளுக்கு இதில் விருப்பமில்லை. தங்கள் நல்ல ஆட்களை யாரோ எடுத்துப் போவதை எந்தத் தளபதி விரும்புவார்? அதனாலேயே சட்டத்தில் ஓட்டை வைக்காமல் எழுதினார்கள். கட்டளையகத்தின் தலைவர் நான்கு நட்சத்திர அதிகாரியாக, அதாவது முழு ஜெனரல் அல்லது அட்மிரலாக, இருக்க வேண்டும். தனி பட்ஜெட் வேண்டும். பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் இதற்கென்றே ஒரு சிவிலியன் துணைச் செயலர் வேண்டும். நான்கு நட்சத்திரம் என்பது வெறும் மரியாதைக்காக அல்ல. மற்ற தளபதிகள் உட்காரும் மேசையில் சமமாக உட்கார அந்த நட்சத்திரம் தேவைப்பட்டது.

1987 ஏப்ரல் 16 அன்று ஃபுளோரிடாவின் டாம்பாவில் உள்ள மெக்டில் விமானத் தளத்தில் அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் தொடங்கப்பட்டது. சுருக்கப் பெயர் சோகாம். முதல் தலைவர் ஜெனரல் ஜேம்ஸ் லிண்ட்சே. தாளின் நடுவில் ஒரு பெரிய பெட்டி போட்டு 'சோகாம், 1987' என்று எழுதுங்கள்.

படி 3: கீழே நான்கு பெட்டிகள் போடுங்கள்

ஒவ்வொரு படையிலிருந்தும் ஒரு கிளை.

தரைப்படையின் கிளை ஃபோர்ட் பிராக்கில். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கிரீன் பெரே என்று அழைக்கப்படும் சிறப்புப் படைப் பிரிவுகள், 75ஆவது ரேஞ்சர் ரெஜிமென்ட், 160ஆவது சிறப்பு விமானப் பிரிவு, குடிமக்கள் விவகாரப் பிரிவு, உளவியல் பிரிவு எல்லாம் இதற்குள் அடக்கம். அந்த 160ஆவது பிரிவைக் கொஞ்சம் கவனியுங்கள். தரைப்படையிலேயே இரவில் தாழப் பறக்கப் பழகிய ஹெலிகாப்டர் விமானிகள் அவர்கள். 1980இல் மற்றவர்களிடம் இரவல் வாங்கிய ஹெலிகாப்டர்களை நம்பிப் போய் அடிபட்டதன் நேரடி விளைவு அந்தப் பிரிவு.

கடற்படையின் கிளை கலிஃபோர்னியாவின் கொரனாடோவில்; சீல் குழுக்களும் அவர்களை ஏற்றிச் செல்லும் சிறப்புப் படகுக் குழுக்களும் இதன் கீழ். விமானப்படையின் கிளை ஃபுளோரிடாவின் ஹர்ல்பர்ட் ஃபீல்டில், 1990இலிருந்து. மரைன்கள் ஏறக்குறைய இருபது வருடம் ஒதுங்கியே நின்றார்கள். 'மரைன் என்றாலே சிறப்புதான், அதற்குள் தனியாக என்ன சிறப்பு' என்பது அவர்களின் நினைப்பு. 2006இல்தான் அவர்களும் ஒரு கிளை அமைத்தார்கள்.

நான்கு பெட்டிகளிலிருந்தும் அந்தந்தத் தாய்ப்படைக்குக் கறுப்புக் கோடு போடுங்கள். சீல் வீரர் எப்போதும் கடற்படைக்காரர்தான். சம்பளம், சீருடை, பதவி உயர்வு எல்லாம் அங்கிருந்துதான்.

இந்தப் பெட்டிகளுக்குள் ஆட்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு இடத்திலாவது உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. கிரீன் பெரேயின் அடிப்படைக் குழுவில் 12 பேர். தலைவர் ஒரு கேப்டன். அவருக்கு அடுத்தவர் ஒரு வாரண்ட் ஆபீசர். மூத்த சார்ஜண்ட் ஒருவர், உளவுத் தகவலுக்கு ஒரு சார்ஜண்ட். மீதி எட்டுப் பேரும் இரண்டிரண்டாக: ஆயுத நிபுணர் இருவர், பொறியாளர் இருவர், மருத்துவ உதவியாளர் இருவர், தகவல் தொடர்பாளர் இருவர். ஏன் இரண்டிரண்டு? குழு பாதியாகப் பிரிந்து இரண்டு ஊர்களில் வேலை செய்ய வேண்டி வந்தால், இரண்டு பாதியிலும் ஒரு மருத்துவ ஆள் இருப்பார், ஒரு ரேடியோக்காரர் இருப்பார். இவர்களின் முக்கிய வேலை கதவை உடைத்து உள்ளே போவதல்ல. வேறொரு நாட்டில் உள்ளூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து அவர்களோடு சேர்ந்து நிற்பது. மொழி கற்றுக்கொள்வதும் பயிற்சியில் ஒரு பகுதி. சிறப்புப் படை என்றாலே நள்ளிரவுத் தாக்குதல் என்று நினைப்பவர்கள் இந்த 12 பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 4: பணம் போகும் வழியைப் பிடியுங்கள்

என்னைக் கேட்டால் இந்த அமைப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நீலப் பேனாவை எடுங்கள்.

பென்டகன் பட்ஜெட்டில் சோகாமுக்கென்று தனித் தலைப்பு ஒன்று உண்டு. பதினொன்றாம் எண் தலைப்பு. மொத்தப் பாதுகாப்புச் செலவில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. சுமார் 70,000 பேர் இதை நம்பி இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு பங்கு மற்றத் தளபதிகளின் கைக்கு எட்டாத பங்கு.

எப்படி வேலை செய்கிறது? ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். சாதாரண பிளாக் ஹாக்கைத் தரைப்படை தன் காசில் வாங்கித் தருகிறது. அதில் பறந்துகொண்டே எரிபொருள் நிரப்பும் குழாய், இருட்டில் மலை மேடு பள்ளத்தை ஒட்டிப் பறக்க உதவும் ரேடார் இவற்றையெல்லாம் பொருத்துவது சோகாமின் காசில். எல்லோருக்கும் பொதுவான சாமான் என்றால் தாய்ப்படை, சிறப்புப் படைக்கு மட்டும் வேண்டியது என்றால் சோகாம். இதுதான் விதி. ஒரே ஹெலிகாப்டருக்கு இரண்டு பில்.

இன்னொன்றும் உண்டு. தானே டெண்டர் விட்டுக் கொள்முதல் செய்யும் அதிகாரமும் சட்டப்படி சோகாமுக்கு இருக்கிறது. போர் நடத்தும் மற்றக் கட்டளையகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அளவுக்குக் கிடையாது. அதனால்தான் சோகாமைப் பாதி கட்டளையகம், பாதி தனிப்படை என்று சொல்வது வழக்கம்.

படி 5: சிவப்புக் கோடு

பலர் தடுமாறும் இடம் இது. சோகாம் தலைவர்தான் உலகம் முழுக்க இந்த வீரர்களுக்கு உத்தரவு போடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் இல்லை.

நம் ஊர்த் தேர்தலை நினைத்துப் பாருங்கள். பள்ளி ஆசிரியர் வாக்குச்சாவடிப் பணிக்குப் போகிறார். சம்பளமும் இன்கிரிமென்ட்டும் கல்வித்துறை. ஆனால் அந்த நாட்களில் அவருக்கு உத்தரவு போடுவது தேர்தல் அதிகாரி. தவறு செய்தால் நடவடிக்கைக்கும் தேர்தல் ஆணையத்துக்குக் கட்டுப்பட்டவர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி பள்ளிக்கூடம்.

அமெரிக்காவிலும் அதே முறைதான். உலகை அவர்கள் வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரக் கட்டளையகம் வைத்திருக்கிறார்கள். மத்திய கிழக்குக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, இந்தோ-பசிபிக் பகுதிக்கு ஒன்று என்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சிறப்புப் படைத் துணைக் கட்டளையகம் இருக்கும். கொரியாவுக்கும் தனியாக ஒன்று உண்டு. சோகாமின் வேலை ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கருவியோடு அனுப்பி வைப்பது. அந்த ஆள் வட்டாரத்துக்குள் காலெடுத்து வைத்ததும் தினசரி உத்தரவு வட்டாரத் தளபதியுடையது. 2013இல் இந்தத் துணைக் கட்டளையகங்களைச் சோகாமின் உடைமையாக்கினார்கள். அப்போதும் களக் கட்டுப்பாடு வட்டாரத் தளபதியிடமே இருந்தது.

ஆகவே சிவப்புக் கோட்டை இப்படிப் போடுங்கள்: ஜனாதிபதி, அடுத்து பாதுகாப்புச் செயலர், அடுத்து வட்டாரத் தளபதி, அடுத்து துணைக் கட்டளையகம், கடைசியில் களத்தில் நிற்கும் குழு. கூட்டுப்படைத் தலைவர்கள் குழுவின் தலைவரை இந்தக் கோட்டில் சேர்க்காதீர்கள். அவர் ஆலோசனை சொல்பவர். உத்தரவு போடுபவர் அல்ல. 1986ஆம் ஆண்டின் இன்னொரு சட்டமான கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் அதைத் தெளிவாக்கிவிட்டது.

படி 6: ஒதுக்குப்புறமான பெட்டி

சோகாம் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு பெட்டி போட்டு ஜேசாக் என்று எழுதுங்கள். டெல்டா, கடற்படையின் சிறப்புத் தாக்குதல் குழு போன்றவை களத்தில் இறங்கும்போது இதன் கீழேதான் இறங்கும். நான்கு படையின் ஆட்களும் இங்கே ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வருடக்கணக்காகச் சேர்ந்து பழகுகிறார்கள்.

அதன் பலன் 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் தெரிந்தது. பின்லேடன் இருந்த வீட்டுக்கு ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்திலிருந்து இரண்டு பிளாக் ஹாக்குகள் போயின. ஓட்டியவர்கள் 160ஆவது பிரிவு, உள்ளே இருந்தவர்கள் சீல்கள். மாதிரி வீடு கட்டி முன்பே ஒத்திகை பார்த்திருந்தார்கள். அந்த மாதிரியில் சுற்றுச்சுவருக்குப் பதில் கம்பி வலை. அங்கே போனால் உயரமான மதில். சுழலி தள்ளிய காற்று மதிலுக்குள் அடைபட்டு, ஒரு ஹெலிகாப்டர் தூக்குவிசை இழந்து வளாகத்துக்குள்ளேயே விழுந்தது.

இப்போது தாளின் ஓரத்தில் எழுதி வைத்த '8, 6, 5' என்பதைப் பாருங்கள். 1980இல் ஒரு ஹெலிகாப்டர் குறைந்ததும் எல்லாம் முடிந்துபோனது. 2011இல் ஒன்று கண்ணெதிரே விழுந்தும் வேலை நிற்கவில்லை. விழுந்ததிலிருந்து இறங்கி அப்படியே உள்ளே போனார்கள். பின்னால் தயாராக நின்ற சினூக் என்ற பெரிய ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டது. விழுந்த ஹெலிகாப்டரை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். இடையில் போன முப்பது வருடமும் ஒரே கூரையின் கீழ் பழகிய பழக்கமும்தான் அந்த வித்தியாசம்.

சிவப்புக் கோட்டில் ஒரு விதிவிலக்கையும் அந்த இரவு காட்டுகிறது. களத்தை நடத்தியவர் ஜேசாக் தலைவர் வில்லியம் மெக்ரேவன். ஆனால் சட்டப்படி அது சிஐஏவின் நடவடிக்கை. அதன் இயக்குநர் லியோன் பனெட்டாவின் பொறுப்பு. போர் அறிவிக்காத ஒரு நாட்டுக்குள் ரகசியமாகப் போவதற்கு அந்தச் சட்டப் பிரிவுதான் பொருந்தியது. ராணுவ ஆட்களைச் சில நேரம் உளவுத்துறைக்கும் இப்படி இரவல் கொடுப்பார்கள் என்று புள்ளிக்கோடு போட்டு வையுங்கள்.

படி 7: மற்ற நாடுகளை வேகமாகப் பாருங்கள்

பிரிட்டனில் தரைப்படையின் எஸ்ஏஎஸ், கடற்படையின் எஸ்பிஎஸ் உள்ளிட்ட சிறப்புப் படைகள் 1987 முதல் சிறப்புப் படை இயக்குநர் என்ற ஒரே அதிகாரியின் கீழ். பிரான்ஸ் வளைகுடாப் போரில் பாடம் படித்து 1992இல் தனிக் கட்டளையகம் அமைத்தது. ஆஸ்திரேலியா 2003, கனடா 2006. அளவு சிறியது, யோசனை ஒன்றுதான்.

படி 8: இந்தியாவுக்கு இதே தாளைத் திருப்பிப் போடுங்கள்

தரைப்படையின் பாரா சிறப்புப் படைகள், 1987இல் தொடங்கிய கடற்படையின் மார்கோஸ், 2004இல் வந்த விமானப்படையின் கருட். மூன்று பெட்டிகள், மூன்று கறுப்புக் கோடுகள், சரி. தேசியப் பாதுகாப்புப் படையை எங்கே போடுவது? அதன் தாக்குதல் பிரிவில் இருப்பவர்கள் ராணுவத்தினர், ஆனால் கட்டுப்பாடு உள்துறை அமைச்சகம். திபெத்தியர்கள் அதிகமுள்ள சிறப்பு எல்லைப் படை அமைச்சரவைச் செயலகத்தின் கீழ். இந்த இரண்டின் சிவப்புக் கோடும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வெளியே போய்விடுகிறது.

இந்தியாவின் பாடங்களும் ரத்தத்தில் எழுதப்பட்டவைதான். 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டர்களில் ஆட்களை இறக்கினார்கள். பாரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையினரும் பகுதி பகுதியாக இறங்கினார்கள். கடும் துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் அடிபட, மீதிப் பேரைக் கொண்டுவர முடியவில்லை. தனியே மாட்டிக்கொண்ட 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். 2008இல் மும்பை தாக்கப்பட்டபோது தேசியப் பாதுகாப்புப் படை டெல்லிக்கு அருகிலுள்ள மானேசரில் தயாராக இருந்தது. ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் சண்டிகரிலிருந்து டெல்லிக்கு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு நிலையங்கள் வந்தன.

2012இல் நரேஷ் சந்திரா குழு கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் வேண்டும் என்றது. வந்தது அதைவிடச் சின்னது: 2018இல் ஒப்புதல் பெற்று 2019இல் மேஜர் ஜெனரல் ஏ.கே. திங்ரா தலைமையில் தொடங்கிய முப்படைச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு. கட்டளையகம் அல்ல, பிரிவு. நான்கு நட்சத்திரத்துக்கு அமெரிக்கச் சட்டம் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது என்பது இங்கே புரியும்.

கறுப்புக் கோட்டில் ஒரு முடிச்சு நெடுநாள் இருந்தது. தரைப்படைக்கு ஒரு சட்டம், கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. கூட்டு அமைப்பின் தலைவர் தரைப்படைக்காரராக இருந்தால், அவருக்குக் கீழே தவறு செய்த கடற்படை வீரர் மீது அவரே நடவடிக்கை எடுக்க முடியாது. தாய்ப்படைக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். 2023இல் நிறைவேறி 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டுப்படை அமைப்புகள் சட்டம் அந்த அதிகாரத்தைத் தலைவரிடமே கொடுத்தது. தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியர் விஷயத்தில் இருப்பது போலத்தான்.

இந்தியப் பக்கத்தில் கடைசியாக ஒரு கோடு பாக்கி இருக்கிறது. முப்படைச் சிறப்புப் பிரிவிலிருந்து களத்துக்குப் போகும் சிவப்புக் கோடு. வட்டாரக் கட்டளையகங்கள் இங்கே இன்னும் பேச்சாகவே இருப்பதால், அதை இப்போதைக்குப் பென்சிலில் போட்டு வையுங்கள்.